பத்து லட்சத்துக்கு பி.எம்.டபிள்யூ 520டி: வண்டி விலைதான் இறங்கும், சாமான் விலை இறங்காது

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவன் நான். மூட்டையின் வாயில் இருக்கிற மஞ்சளைப் பார்த்து விலை சொல்கிறவன் இந்தத் தொழிலில் ஒரு வருஷம் தாங்க மாட்டான். குத்தூசியை நடுமூட்டையில் விட்டு எடுத்து, விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்த்த பிறகுதான் பேச்சே. இவ்வளவு தெரிந்த நானே, 2021ல் ஒரு பழைய பி.எம்.டபிள்யூவைப் பார்க்கப் போன இடத்தில் வாய்மூட்டை மஞ்சளுக்கு மயங்கிவிட்டேன். கறுப்பு வண்டி, பழுப்புத் தோல் சீட், கதவைச் சாத்தினால் பீரோ சாத்துகிற மாதிரி ஒரு சத்தம். அட்வான்ஸ் கொடுக்கக் கை பைக்குள் போய்விட்டது. கூட வந்த மெக்கானிக் தம்பிதான், "அண்ணா, பானெட்டைத் தொட்டுப் பாருங்க" என்றான்.

காலை ஆறரை மணி. பானெட் சுட்டது.

நாங்கள் வருவதற்கு முன்பே இன்ஜினை ஓட விட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். டீசல் இன்ஜின் ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போய், காலையில் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போதுதான் தன் நோயைச் சொல்லும். சூடான பிறகு வாயை மூடிக்கொள்ளும். அந்த வீட்டில் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். அதனால் முதல் விதி: பார்க்கப் போகும் முந்தின நாளே, "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் சாவியைக் கேட்பதற்கு முன்னால் பானெட்டில் கை வையுங்கள்.

இரண்டு மாதம் கழித்து கோவையில் ஒரு டாக்டரிடம் வாங்கினேன். 2013 மாடல் பி.எம்.டபிள்யூ 520டி, எஃப்10 என்று கம்பெனி குறிப்பிடுகிற தலைமுறை, 78,000 கிலோமீட்டர், பத்து லட்சத்து இருபதாயிரம் ரூபாய். புதிதாக அவர் வாங்கியபோது நாற்பது லட்சத்துக்கு மேல். அதாவது முக்கால்வாசி விலை போய்விட்டது. இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். வண்டியின் விலை பத்து லட்சமாக இறங்கிவிட்டது, சரி. ஆனால் அதன் ஹெட்லைட், இன்ஜெக்டர், கியர்பாக்ஸ் எல்லாம் இன்றைக்கும் நாற்பது லட்ச ரூபாய் வண்டியின் சாமான்கள்தான். அதற்கு யாரும் பழைய விலை போட மாட்டார்கள். கையில் பத்து லட்சம் இருந்தால் ஏழரை லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மீதியை முதல் வருஷம் வண்டியே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

520டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இந்த வண்டிகள் நம் ஊரிலேயே கோத்தவை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007லிருந்து பி.எம்.டபிள்யூ ஆலை ஓடுகிறது. நிறைய வண்டி விற்றிருப்பதால் கை தேர்ந்த மெக்கானிக்கும் பழைய சாமானும் கிடைக்கும். அபூர்வமான மாடலை மட்டும் வாங்காதீர்கள். மலிவாகத்தான் கிடைக்கும், ஒரு சென்சாருக்கு மூன்று வாரம் வண்டி ஒர்க்‌ஷாப்பில் தூங்கும்.

இனி இன்ஜின். 2014 வாக்கில் மாறும்வரை இதில் வந்தது என்47 என்ற 2 லிட்டர் டீசல். 184 குதிரைத்திறன். நல்ல இழுவை, நெடுஞ்சாலையில் லிட்டருக்குப் பதினைந்து, பதினாறு தரும். ஆனால் உலகம் முழுக்க இதற்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: டைமிங் செயின், அதாவது வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற சங்கிலி. மற்ற பல இன்ஜின்களில் முன்பக்கம் இருக்கும் செயின், இதில் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டுகிற இடத்தில் இருக்கிறது. தேய்ந்தால் சும்மா மூடியைக் கழற்றி மாற்ற முடியாது, இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். எனக்குச் சொன்ன கணக்கு ஒன்றேமுக்கால் லட்சம். அறுந்தால் இன்ஜினே போச்சு. 2011க்கு முந்தைய வண்டிகளில்தான் புகார் அதிகம். அதனால் மலிவு என்று 2010 மாடல் பக்கம் போகாதீர்கள்.

சத்தத்தை எப்படிப் பிடிப்பது? டாக்டர் வீட்டில் தம்பி செய்ததைச் சொல்கிறேன். பானெட்டைத் திறந்து வைத்து என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னான். அவன் முன்னால் நிற்கவில்லை. முன்கண்ணாடிப் பக்கம், இன்ஜினின் பின்முனையில் காதை வைத்தான். "அண்ணா, மெதுவா ஆயிரத்து ஐந்நூறு சுத்துக்கு ஏத்துங்க... விடுங்க... மறுபடி." டீசலின் கடகட ஒரே சீராக இருக்கும். செயின் தேய்ந்திருந்தால் அந்தச் சீருக்குள் வேறு ஒன்று கேட்கும், சைக்கிள் செயின் காவரில் உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு, ஆக்சிலேட்டரை விடும்போது தெளிவாக. அவன் ஐந்து நிமிஷம் கேட்டான். அப்புறம் என்னையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தான். ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றும் இல்லாதது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், அது பெரிய விஷயம். வாங்குவதற்கு முன் சத்தமில்லாத ஒரு நல்ல 520டியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல விரலி எது என்று தெரிந்தால்தானே சொத்தை தெரியும்.

அடுத்தது இ.ஜி.ஆர். கூலர். புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுவதற்கு முன் ஆற வைக்கிற சாமான் இது. 2018ல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. இந்தக் கூலரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) கசிந்து, கரியோடு கலந்து படிந்ததுதான் காரணம் என்று நிறுவனமே சொன்னது. வண்டிகளைத் திரும்ப அழைத்து மாற்றினார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, சேஸிஸ் நம்பரைக் கொடுத்து இந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்பது. தரையில் ஒரு சொட்டு ஒழுகாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

கியர்பாக்ஸ் இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். அருமையான சாதனம். இதற்கு ஆயில் மாற்றவே வேண்டாம், ஆயுளுக்கும் ஒரே ஆயில் என்று விற்கிறவர் சொல்வார். கியர்பாக்ஸ் செய்த இசட்.எஃப். நிறுவனம், 80,000லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யார் சொல்வதை நம்புவது? செய்தவன் சொல்வதைத்தான். பிளாஸ்டிக் அடித்தட்டும் ஃபில்டரும் ஒன்றாகவே வரும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். நான் 90,000ல் மாற்றினேன், 42,000 ரூபாய். ஓட்டிப் பார்க்கும்போது வண்டியை நிறுத்தி, டி-யிலிருந்து ஆர்-க்கு (ரிவர்ஸ்) போடுங்கள். ஒரு நொடி யோசித்துவிட்டு 'டங்' என்று இடித்தால் பேரத்தில் ஒரு லட்சம் கழியுங்கள், அல்லது வண்டியை விடுங்கள்.

கிலோமீட்டரைத் திருப்பி வைப்பது பெரிய வியாபாரம். இந்த வண்டிகளில் ஒரு வசதி, ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் இல்லை, சாவியிலும் பதிவாகிறது. சர்வீஸ் சென்டரில் சாவியைக் கொடுத்தால் படித்துச் சொல்வார்கள். மீட்டரைத் திருப்புகிறவனுக்குச் சாவி ஞாபகம் வராமல் போக வாய்ப்பு உண்டு. பில்லுகளையும் கேளுங்கள். டாக்டர் ஒரு பழைய எக்ஸ்ரே கவரில் எட்டு வருஷத்து சர்வீஸ் பில்லையும் தேதிவாரியாகப் போட்டு வைத்திருந்தார். அந்தக் கவரைப் பார்த்ததும் பேரம் பேசுவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். தம்பிக்குக் கோபம். "இன்னும் அம்பதாயிரம் குறைச்சிருப்பாரு அண்ணா" என்று ஈரோடு வரும்வரை புலம்பினான். இருக்கட்டும்.

சென்னை வண்டி என்றால் வெள்ளத்தை மறக்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ வண்டிகள் டாஷ்போர்டு வரை முங்கின. கழுவி, வாசனை அடித்து, வேறு ஊரில் விற்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், நுனியில் சேற்றுக் கறை கோடாக நிற்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டில் துரு ஏறியிருக்கிறதா, டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கினால் பூஞ்சை நாற்றம் வருகிறதா பாருங்கள். இந்த வண்டியில் பேட்டரியும் டிக்கியில்தான் இருக்கிறது, தண்ணீர் போனால் முதல் அடி அங்கேதான்.

பேப்பர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால் படிவம் 35 வாங்கி ரத்து செய்ய வேண்டும். பெயர் மாற்ற படிவம் 29, 30. ஃபைன் பாக்கியை அரசின் எம்பரிவாகன் செயலியில் பார்த்துவிடுங்கள். இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருஷங்களுக்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. டில்லி வண்டி மலிவு என்று புரோக்கர்கள் ஆசை காட்டுவார்கள். அங்கே பத்து வருஷம் தாண்டிய டீசலுக்கு நெருக்கடி வந்ததால் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதையும் அசல் விலையையும் வைத்து ஆயுள் வரி கட்டி, புது நம்பர் போட்டு முடிக்கும்போது மலிவு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். பதினைந்து வருஷத்தில் ஆர்.சி. புதுப்பிப்பு வரும் என்பதையும் வாங்கும்போதே விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

வாங்கியாயிற்று. இனி வைத்திருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். ஆறாவது மாதம் பேட்டரி போனது. அவசரத்தில் பக்கத்துக் கடையில் ஒரு சாதாரண பேட்டரியை வாங்கி மாட்டினேன். முப்பதாயிரத்துக்குப் பதில் பதினோராயிரம், ரொம்பச் சமர்த்து என்று நினைப்பு. பத்தே மாதத்தில் அதுவும் செத்தது. நடுவில் ரேடியோ தானாக அணையும், ஏதேதோ எச்சரிக்கை விளக்கு எரியும். விஷயம் இதுதான்: இந்த வண்டிக்கு ஏ.ஜி.எம். வகை (அமிலத்தைக் கண்ணாடி நார் விரிப்பில் உறிஞ்சி வைத்திருப்பது) பேட்டரி வேண்டும், மாற்றியதும் கம்ப்யூட்டரில் பதிவும் செய்ய வேண்டும். பதியாவிட்டால், கிழப் பேட்டரிதான் இன்னும் இருக்கிறது என்று நினைத்து வண்டி அதற்கேற்ற மாதிரியே சார்ஜ் கொடுத்துப் புதியதையும் கெடுத்துவிடும். வண்டிக் கம்ப்யூட்டரோடு பேசுகிற ஸ்கேனர் இருக்கிற இடத்தில் பத்து நிமிஷ வேலை. உங்கள் மெக்கானிக்கிடம் இந்த வண்டிக்கு உரிய ஸ்கேனர் இல்லையென்றால் அவர் உங்கள் மெக்கானிக் இல்லை, எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

ஆயில் மாற்ற இன்னும் நாள் இருக்கிறது என்று திரை காட்டும். நான் பார்ப்பதே இல்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஐந்து லிட்டர் சொச்சம் ஆயில், ஃபில்டரோடு. செயினுக்கு நாம் செய்யக்கூடிய ஒரே உபகாரம் அது. டயர், 225/55 ஆர்17. வண்டியோடு வந்தது ரன்-ஃபிளாட், காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் கனத்த டயர். நம் ரோட்டுப் பள்ளத்தில் விழுந்து பக்கவாட்டில் கொப்பளம் வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். தேய்ந்ததும் சாதாரண டயருக்கு மாறிவிட்டேன். விலையும் குறைந்தது, வீட்டுக்காரம்மா முதுகுவலி என்று சொல்வதும் குறைந்தது. பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்பும் டிக்கியில் கிடக்கின்றன.

சாமான் வாங்க ஒரு வழி. சேஸிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்தைக் கொடுத்தால் உங்கள் வண்டிக்கு உரிய பார்ட் நம்பர் சரியாக வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு, அதே சாமானைக் கம்பெனிக்குச் செய்து கொடுக்கிறவர்களின் சொந்தப் பெட்டியில் வாங்குங்கள்: லெம்ஃபோர்டர், மாலே, மான், பாஷ், சாக்ஸ். லோகோ இருக்காது, விலையில் கணிசமாகக் குறையும். பக்கவாட்டுக் கண்ணாடி, லைட், கதவு உள்பலகை மாதிரி தேயாத சாமான் என்றால் சென்னை புதுப்பேட்டைக்குப் போகலாம். என் வலது பக்கக் கண்ணாடி அங்கே வாங்கியதுதான், நிறம்கூட ஒத்துப்போனது. பிரேக், புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்), சென்சார் இதையெல்லாம் அங்கே வாங்காதீர்கள்.

எலியைச் சொல்ல மறந்துவிட்டேன். மண்டியில் நிறுத்தினால் ஒயரைக் கடிக்கும். ராத்திரியில் பானெட்டைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு சின்ன விளக்கைத் தொங்க விடுகிறேன். வெளிச்சத்துக்கு வருவதில்லை, இதுவரை.

மாதாமாதம் பத்தாயிரத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுவேன். வண்டி ஓடினாலும் சரி, நின்றாலும் சரி. இப்போது 1,24,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. போன வாரத்திலிருந்து ஸ்பீடு பிரேக்கரில் முன்பக்க இடது சக்கரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். சக்கரத்தைத் தாங்குகிற கன்ட்ரோல் ஆர்மின் புஷ்ஷாக இருக்கும் என்கிறான் தம்பி, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றணுமாம். கணக்கில் முப்பத்தெட்டாயிரம் இருக்கிறது. புதன்கிழமை மஞ்சள் ஏலம் முடிந்ததும் கொண்டுபோய் விட வேண்டும்.