எர்டிகா காரின் கடைசி சீட்டுப் பக்கக் கண்ணாடியை வீட்டு வாசலிலேயே மாற்றிய விதம்

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்க நாலைந்து நாள் இருக்கும்போது என் எர்டிகாவின் கடைசி சீட்டுப் பக்கத்துக் கண்ணாடி உடைந்தது. கேரளத்தில் எங்கள் பக்கத்துக் குளத்துப்புழையில் ரோட்டோரப் புதரைக் காடுவெட்டு மெஷினால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியை இருபதடி தள்ளி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். பிளேடில் பட்ட கல் ஒன்று தெறித்து வந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடி அதே இடத்தில்தான் நின்றது. ஆனால் முழுக்க வெள்ளையாக, கல்லுப்பைப் பரப்பி ஒட்டினதுபோல. டிக்கியைச் சாத்தினேன். பொலபொலவென்று எல்லாம் உள்ளே கொட்டிவிட்டது.

அதை நானே மாற்றினேன். ஒரு மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடியைத் தூக்கி வைப்பது ஐந்து நிமிட வேலை. அது உட்காரும் இடத்தைத் தயார் செய்வதுதான் அரை நாள். அங்கே அவசரப்பட்டால் முதல் மழையிலேயே தெரிந்துவிடும்.

இறங்காத பக்கக் கண்ணாடி இரண்டு வகை. சில கார்களில் பின் கதவுக்குள்ளேயே, இறங்கும் கண்ணாடிக்குப் பின்னால் முக்கோணமாக ஒன்று நிற்கும். அது ரப்பர் பீடிங்கில் பிடித்திருப்பது. கதவு பேடைக் கழற்றி, நடுக்கம்பியின் ஸ்குரூவை எடுத்து, கம்பியை முன்னால் சாய்த்தால் ரப்பரோடு உருவி வரும். புதிய கண்ணாடியின் ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளினால் உட்கார்ந்துவிடும். பசை வேலையே கிடையாது. என் வண்டியில் உடைந்தது மற்ற வகை, பாடியிலேயே பசை போட்டு ஒட்டியது. இனி நான் எழுதுவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

உடைந்த அன்றைக்கே செய்ய வேண்டியது மழைக்கு மறைப்புக் கட்டுவது. பால் வெட்டும் இடம் மழையில் நனையாமல் ரப்பர் மரத்துக்கு ரெயின்கார்டு என்ற பிளாஸ்டிக் மறைப்புக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். மரத்தில் வழிந்து வரும் தண்ணீர் பிளாஸ்டிக்கின் மேலே ஏறி ஓட வேண்டும், அடியில் புகக் கூடாது. இங்கும் அப்படித்தான். கனமான பாலித்தீன் ஷீட்டின் மேல்விளிம்பைக் கூரை ஓரத்துக்குக் கீழே முழுநீளத்துக்கு ஒட்டுங்கள், பக்கங்களை அதற்குப் பிறகு, அடிப்பக்கத்தில் ஒரு விரல் இடம் திறந்திருக்கட்டும். மாஸ்கிங் டேப்தான் நல்லது. பிரவுன் டேப் வெயிலில் காய்ந்தால் உரிக்கும்போது பசை பெயின்டிலேயே தங்கிவிடும்.

அப்புறம் தூள். பக்கக் கண்ணாடி டஃபன்ட் கிளாஸ். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்துச் செய்வது. மேல்தோல் இறுகி, உள்ளே எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஓரிடத்தில் விட்டால் மொத்தமும் விட்டுப்போகும்; கத்திபோல நீளமாக உடையாமல் சோளப் பொரி அளவுக்குத் துண்டாகும். கையைக் கிழிக்காது என்று நினைக்காதீர்கள், பொடித்துண்டு கிழிக்கும். கையுறை வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். வேக்யூம் கிளீனர் இல்லாதவர்கள் வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சீட்டை மட்டும் துடைத்துவிட்டு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கண்ணாடிக்கு நேர் கீழே, உட்பக்க பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால்தான் கடைசி சீட்டின் பெல்ட் சுருளும் டப்பா இருக்கிறது. இரண்டு துண்டு அதற்குள் விழுந்தால் பெல்ட் பாதியில் சிக்கும், அல்லது நாடாவை அறுக்கும். அங்கே உட்காருவது பெரும்பாலும் குழந்தைகள். அதனால் பேனலைக் கழற்றியே ஆக வேண்டும். டிக்கி ஓரத்து ரப்பரை உரித்து, சீட்டை மடக்கி, பெல்ட்டின் கீழ் போல்ட்டை எடுத்து, கிளிப்புகளை பிளாஸ்டிக் லீவரால் நெம்பினால் வந்துவிடும். போல்ட்டும் வாஷரும் எந்த வரிசையில் இருந்தன என்று போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். என் வண்டியில் அந்தப் பக்கம் ஏர்பேக் கிடையாது. உங்கள் வண்டியின் தூணிலோ கூரை ஓரத்திலோ ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அந்தப் பேனலைத் தொடாதீர்கள், தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

பேனலுக்குள் நான் எடுத்த தூள் ஒரு சிரட்டை நிறைய இருந்தது.

கண்ணாடி வாங்க தென்மலை, ஆரியங்காவு, புளியரை தாண்டித் தென்காசிக்குப் போனேன். புனலூரிலும் ஆர்டர் எடுக்கிறார்கள், ஆனால் தென்காசியில் கார் கண்ணாடி விற்கும் அண்ணாச்சி ஒருவரைப் பல வருஷமாகத் தெரியும். உங்கள் வண்டியின் ஆர்.சி.யைக் கொண்டு போங்கள். ஒரே மாடலிலும் வருஷத்தைப் பொறுத்துக் கண்ணாடி மாறலாம், இடது வலதும் குழம்பும். டஃபன்ட் கிளாஸை வெட்டவும் முடியாது, ஓரத்தைத் தேய்க்கவும் முடியாது, அதனால் அளவு சரியாகத்தான் கிடைக்க வேண்டும். கண்ணாடி மூலையில் ஐ.எஸ். 2553 என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். வண்டிக் கண்ணாடிக்கான இந்திய நியமம் அது. கழற்றிய பழைய கண்ணாடி விலை குறைவாகக் கிடைக்கும், தவறில்லை. ஆனால் விளிம்பை நகத்தால் சுற்றிலும் தடவிப் பாருங்கள், நகம் தட்டினால் வேண்டாம். கறுப்பு கண்ணாடி கொடுத்தால் அதையும் யோசியுங்கள். பக்கக் கண்ணாடியில் குறைந்தது 50 சதவீதம் வெளிச்சம் போக வேண்டும், முன்னும் பின்னும் 70. டாக்ஸி ஓட்டுகிற எனக்கு இரண்டு மாநிலத்து செக்போஸ்ட்டிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சி கண்ணாடியைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "எதை வச்சு ஒட்டப் போறீய?" என்றார். சிலிக்கான் வீட்டில் இருக்கிறது என்றேன். "அத மட்டும் செஞ்சிராதீய தம்பி" என்றார்.

அவர் சொன்னதன் அருமை எனக்குத் தெரியும். முன்பிருந்த வண்டியில் ஹார்டுவேர் கடை சிலிக்கானை வைத்து ஒரு கண்ணாடி ஒட்டினேன். பிதுக்கும்போதே புளித்த வாடை வரும், ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட் போல. ஆசிட்தான் அது. ஒரு வருஷத்தில் கண்ணாடி ஓரத்துத் தகரம் பெயின்டுக்கு அடியில் துருவேறிப் பொங்கிவிட்டது. அதன் பிறகு எதை வைத்து ஒட்டினாலும் பிடிக்கவில்லை. கார் கண்ணாடிக்கு என்றே வரும் பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட் என்ற பசைதான் வேண்டும். 310 மில்லி டியூப் ஒன்று இந்த அளவுக் கண்ணாடிக்குத் தாராளம். அதோடு அதே கம்பெனியின், பசை நன்றாகப் பிடிக்க முதலில் துடைக்கும் ஆக்டிவேட்டரும், அதன் மேல் பூசும் கறுப்பு பிரைமரும். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். இது காற்றின் ஈரத்தில் இறுகும் சாமான், பழைய டியூப் உள்ளேயே கட்டியாகி இருக்கும். பிதுக்கும் துப்பாக்கியைக் கடையில் சிலிக்கான் கன் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள்.

இனி அரை நாள் வேலை. கண்ணாடி கொட்டிய பிறகும் பாடியின் விளிம்பில் பழைய பசை கறுப்பு நாடாபோல ஒட்டிக்கொண்டிருக்கும், அதில் கண்ணாடிப் பல் வரிசையாகக் குத்தி நிற்கும். அதை மொத்தமாகச் சுரண்டி எடுத்துத் தகரம் பளபளக்க விட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. கம்பெனியில் போட்ட அந்தப் பசை பெயின்டோடு ஒன்றிப்போயிருக்கிறது. அதை விட நல்ல அடித்தளம் நாம் போட முடியாது. மேலே இருப்பதை மட்டும் சீவி, 1 முதல் 2 மில்லி மீட்டர் கனத்துக்குச் சமமாக விட வேண்டும். புது பியூ பழைய பியூவை நன்றாகப் பிடிக்கும்.

சொல்வது எளிது. நான் கட்டர் பிளேடால் ஒரு சாண் சீவியதில் இரண்டு இடத்தில் பெயின்ட் வரை போய்விட்டேன். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். இந்தியாவும் இலங்கையும் 1964இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா இங்கே, அப்படி வந்தவர்களுக்காக அரசு தொடங்கிய ரீஹாபிலிடேஷன் பிளாண்டேஷன் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர். பட்டையை வெட்டும்போது உள்ளே இருக்கும் கட்டைக்கு மேலே ஒரு மில்லி மீட்டர் பட்டை மிச்சம் இருக்க வேண்டும். கத்தி கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டு கட்டும், மறுபடி அந்தப் பட்டையில் ஒழுங்காகப் பால் வெட்ட முடியாது. அந்தக் கணக்கு அவர் விரலில் இருக்கிறது.

"மகன், நீ கத்தியைக் குத்துற. குத்தாத. படுக்க வச்சு இழு" என்றார். பிளேடை வாங்கினார். இடது கைக் கட்டைவிரலை விளிம்பில் அணைப்பாக வைத்து, பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கையாகச் சாய்த்து, தன் பக்கமாகச் சின்னச் சின்ன இழுப்பாக இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் விரல்நீளத்துக்குக் கறுப்புச் சுருள் ஒன்று, கண்ணாடிப் பல்லோடு சேர்ந்து உரிந்து விழுந்தது. அடியில் மெல்லிய கறுப்புத் தோல் அப்படியே நின்றது, எங்கும் பெயின்ட் தெரியவில்லை. மூலைக்கு வந்ததும் நிறுத்தி, பிளேடின் முனையை ஒடித்துப் புது முனை எடுத்துக்கொண்டார். மழுங்கின கத்திதான் ஆழம் போகும் என்றார். அது உண்மை. மழுங்கியதை நாம் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கி உள்ளே இறங்கும். ஒரு கண்ணாடிக்கு நாலைந்து பிளேடு செலவானாலும் பரவாயில்லை.

நான் கீறிய இரண்டு இடத்திலும் கறுப்பு பிரைமர் தொட்டு வைத்தேன். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் பெயின்ட் போன இடம் ஒரே வாரத்தில் செம்மண் நிறமாகும், பசைக்கு அடியில் ஆகும்போது வெளியே தெரியவும் தெரியாது. பழைய பசையின் மேல் பிரைமர் தேவையில்லை. சீவியவுடன் தூசி படாமல் அன்றைக்கே ஒட்டுங்கள். மறுநாளைக்குத் தள்ளிப்போனால் கம்பெனி சொல்லும் ஆக்டிவேட்டரைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

பசை இல்லாமல் கண்ணாடியை ஒருமுறை வைத்துப் பாருங்கள். சுற்றிலும் இடைவெளி சமமானதும் கண்ணாடியிலிருந்து பாடிக்கு மூன்று இடத்தில் மாஸ்கிங் டேப் குறுக்காக ஒட்டி, நடுவில் பிளேடால் வெட்டிவிடுங்கள். உண்மையாக ஒட்டும்போது இரண்டு பாதியும் நேராகச் சேர்ந்தால் போதும். இதைச் செய்யாமல் பசையோடு கண்ணாடியை அங்குமிங்கும் நகர்த்தினால் பசை இழுபட்டு ஓட்டை விழும்.

கண்ணாடியின் உட்பக்க ஓரத்தில் கறுப்பாகச் சுட்டுப் பதித்த பட்டை இருக்கும். அழகுக்காக இல்லை, வெயில் பியூவை அரித்துவிடாமல் மறைக்கத்தான். அந்தப் பட்டையை ஆக்டிவேட்டரால் ஒரே திசையில் துடைத்து, பிரைமர் பூசி, பத்து நிமிடமாவது காய விடுங்கள். டப்பாவில் அதற்கு மேல் போட்டிருந்தால் அவ்வளவு நேரம். அதன் பிறகு விரல் படக் கூடாது.

டியூப் நாசிலின் வாயை வட்டமாக வெட்டாமல் முக்கோணமாக, இங்கிலீஷ் 'A' எழுத்தின் மேல்பாதிபோல வெட்டுங்கள். உயரம் 10 முதல் 12 மில்லி மீட்டர். வட்டமாகப் பிதுக்கினால் அழுத்தும்போது இரு பக்கமும் வழியும், நடுவில் காற்று மாட்டும். முக்கோணம் நுனியிலிருந்து அமுங்கி, காற்றை வெளியே தள்ளிக்கொண்டே உட்காரும். கண்ணாடியை மேஜையில் போர்வை விரித்துக் கவிழ்த்து, நேரான பக்கத்தின் நடுவில் தொடங்கி, துப்பாக்கியைச் செங்குத்தாகப் பிடித்து, நிறுத்தாமல் ஒரு சுற்று வாருங்கள். ஆரம்பமும் முடிவும் ஒரு அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று ஏறட்டும். இணைப்பு மூலையில் வரவே கூடாது.

இனி நேரம் ஓடுகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் பசையின் மேல் தோல் கட்டும், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். இரண்டு பேராகத் தூக்கி, அடிப்பக்கத்தை முதலில் உட்கார வைத்து, டேப் பாதிகளைச் சேர்த்து, உள்ளங்கையால் சுற்றிலும் அழுத்துங்கள். குத்த வேண்டாம். வெளியிலிருந்து நாலு இடத்தில் டேப் இழுத்து ஒட்டி, அந்த டேப்பை ஒரு நாள் அப்படியே விடுங்கள். பிதுங்கிய பசையை அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டு, இறுகிய பிறகு பிளேடால் சீவுங்கள். சிலர் சானிடைசரையோ ஸ்பிரிட்டையோ தொட்டு விரலால் வழிப்பார்கள். ஆல்கஹால் பட்ட பியூ இறுகாது, அந்த ஓரம் முழுக்கப் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

முதல் இரண்டு நாள் வண்டியை மெதுவாக ஓட்டலாம், ஆனால் முன் கதவுக் கண்ணாடியை ஒரு அங்குலம் இறக்கியே வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே இருக்கும் காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும். நான் குளத்துப்புழை, ஆரியங்காவு, அச்சன்கோவில் என்று ஐயப்பன் கோவில்களுக்கு ஒரு சுவாமி டிரிப் வந்ததையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்து பேர் ஆளுக்கொரு கதவைச் சாத்துவார்கள்.

மூன்றாம் நாள் பேனல் மாட்டும் முன்பு தண்ணீர் சோதனை. ஹோஸை அழுத்தம் இல்லாமல் கூரையிலிருந்து வழியவிட்டேன், பத்து நிமிடம். அப்பா உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து விளிம்பு முழுக்க டிஷ்யூ பேப்பரை ஒற்றிக்கொண்டே வந்தார். எங்காவது பேப்பர் நனைந்தால் அந்த இடத்தைக் காயவைத்து உள்ளிருந்து கொஞ்சம் பியூ அழுத்திவிடலாம். பேனல் மாட்டிவிட்டால் அது முடியாது. கீழ் மூலைக்கு வந்தபோது அவர் பேப்பரை வெளியே நீட்டிக் காட்டினார். காய்ந்திருந்தது. தண்ணீரை நிறுத்திவிட்டு பெல்ட் போல்ட்டை இறுக்கி, நாடாவை முழுக்க இழுத்து விட்டுப் பத்து முறை பார்த்தேன். சிக்காமல் சுருண்டது. பேனலை மாட்டினேன்.