பழங்கால உடைக்குத் துணி எடுக்கும்போது: பூவுக்கு முன்னால் கனத்தைப் பாருங்கள்

18, 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய உடைகளைத் தைக்கத் தொடங்குபவர்கள் துணியில் முதலில் பார்ப்பது பூவைத்தான். பூ சரியாக அமைந்தும், தைத்துப் போட்டால் பாவாடை கூடாரம்போல் விறைத்து நிற்கும். பழைய மாதிரியை வைத்து மறுபடி அச்சிடும் பருத்தித் துணிகளில் பெரும்பகுதி, குவில்ட் எனப்படும் ஒட்டுப்போர்வை தைப்பவர்களுக்காக வருவது. பூ பழையது, அடித்துணி இன்றையது. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 140–150 கிராம் கனமும் கஞ்சியின் விறைப்பும் அதில் இருக்கும்.

1840–60களின் பகல் உடைக்கு இந்தத் துணியே போதும். கீழே உள்பாவாடைகள் தாங்கும், இடுப்பில் நெருக்கமாகச் சுருக்கு வரும். தைக்கும் முன் இரண்டு மூன்று முறை துவைத்தால் விறைப்பும் குறையும். ஆனால் 1800–1815 காலத்து, மார்புக்குக் கீழேயே இடுப்புக்கோடு வரும் கவுனுக்கு இதை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த உடையின் அழகே துணி உடலோடு வழிந்து விழுவதில்தான் இருக்கிறது. 60–80 கிராம் கனமுள்ள மெல்லிய பருத்தித் துணிகளான மல், வாயில் (voile), லான் ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். பூ சற்று வேறாக இருந்தாலும் விழும் விதம் சரியாக இருந்தால் உடை அந்தக் காலத்தைக் காட்டிவிடும். பூ சரியாக இருந்து விழும் விதம் தவறினால் எதுவுமே ஒட்டாது.

எனவே கடைக்குப் போகும் முன் எந்தப் பத்தாண்டு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். "விக்டோரியா காலம்" என்பது 1837 முதல் 1901 வரை நீளும். அதை வைத்துத் துணி எடுக்க முடியாது. பத்தாண்டு தெரிந்தால் எது ஆகாது என்பதும் தெரிந்துவிடும். செம்பு உருளை அச்சுக்கு 1783-இல் தாமஸ் பெல் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்திய உடையில் மயிரிழைக் கோடுகளால் நெருக்கமாக நிரம்பிய சிறு அச்சு பொருந்தாது. மரக்கட்டை அச்சின் தடித்த வெளிக்கோடும் கையால் தீட்டிய நிறமும்தான் வேண்டும். ஆங்கிலேய வேதியியலாளர் பெர்கினின் செயற்கை ஊதாச் சாயம் 1856-இல் பிறந்தது. அந்தப் பளீர் ஊதா 1840 உடையில் இருக்கக் கூடாது. இழுத்தால் நீளும் எலாஸ்டேன் இழை 1950களின் இறுதியில் வந்தது. அதனால் நீட்சியுள்ள எந்தத் துணியையும் ஒதுக்கிவிடலாம்.

நிறத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. மறு அச்சுகள் பல, பழைய துணி இன்று மங்கியிருக்கும் கோலத்தையே நகலெடுக்கின்றன. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணியில் சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் அழுத்தமாகவே இருந்தன. பச்சை மட்டும் நீலத்தின் மேல் மஞ்சள் பூசி வந்தது. அந்த மஞ்சள் வெயிலில் போய்விட்டதால்தான் பழைய துணிகளில் இலைகள் நீலமாகத் தெரிகின்றன. நீல இலை போட்ட மறு அச்சு, புதிய துணியையல்ல, வெளுத்துப்போன துணியைக் காட்டுகிறது. அசல் நிறம் வேண்டுமென்றால் வெளிச்சம் படாமல் தப்பிய துணிகளின் படங்களைப் பாருங்கள்: தையலின் உள்மடிப்புகள், மாதிரிப் புத்தகங்கள். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்பரா ஜான்சன் என்ற பெண்மணி 1746 முதல் 1823 வரை தம் உடைத்துணிகளின் துண்டுகளை ஒட்டி வைத்த ஏடு இருக்கிறது. பத்தாண்டு வாரியாகப் பார்க்க அதைவிட நல்லது கிடைப்பது அரிது.

பட்டில் முடிச்சு முடிச்சாக இழை தடித்துத் தெரியும் டூப்பியானை "கைத்தறி அழகு" என்று எடுத்துவிடுகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அது நெசவுக் குறை. வழவழப்பான பட்டு வகையான டஃபேட்டாவை எடுங்கள். பட்டா பாலியஸ்டரா என்று ஐயம் வந்தால் பாவிலிருந்து (நீளவாக்கு) ஓர் இழை, ஊடையிலிருந்து (குறுக்குவாக்கு) ஓர் இழை உருவி, உலோகத் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துத் தனித்தனியே எரியுங்கள். பட்டும் கம்பளியும் முடி பொசுங்கும் வாடை அடித்துத் தானே அணையும். சாம்பல் விரலில் நொறுங்கும். பருத்தியும் லினனும் காகிதம்போல் எரியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். ரேயானும் பருத்திபோலவே எரியும் என்பதால் இந்தச் சோதனை அவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

கட்டம், கோடு போட்ட துணியைத் திருப்பிப் பாருங்கள். நெய்த கட்டம் இருபுறமும் ஒரே அழுத்தத்தில் தெரியும். அச்சிட்ட கட்டம் பின்பக்கம் மங்கும். பல நேரம் இழையோடு சேராமல் சாய்ந்தும் இருக்கும். அதைக் கட்டத்துக்கு ஒட்டி வெட்டினால் பாவாடை முறுக்கும், இழைக்கு ஒட்டி வெட்டினால் விளிம்பில் கோடு கோணும்.

மொத்தமாக வாங்கும் முன் அரை மீட்டர் மட்டும் வாங்குங்கள். அதில் 40 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, உடையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, காயவைத்து அளந்து பாருங்கள். 38 ஆகியிருந்தால் சுருக்கம் 5 விழுக்காடு. 7 மீட்டர் தேவைப்படும் இடத்தில் 7.4 மீட்டர் வாங்க வேண்டும். லினன் இன்னும் கூடச் சுருங்கலாம். துவைக்கும்போது ஒரு வெள்ளைத் துணித் துண்டையும் சேர்த்துப் போட்டால் சாயம் இறங்குவதும் தெரியும்.

அளவுக் கணக்கில் பூவின் சுற்று மறந்துபோகும். பாவாடை நீளம் 100, மடிப்புக்கு 8, ஆக 108 சென்டிமீட்டர். பூ 30 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்பி வந்தால் ஒவ்வொரு பலகைக்கும், அதாவது பாவாடைக்காக இணைக்கும் ஒவ்வொரு துணித்துண்டுக்கும், 120 ஒதுக்க வேண்டும். 112 சென்டிமீட்டர் அகலத் துணியில் மூன்று பலகை என்றால் 3.24 அல்ல, 3.6 மீட்டர். 18-ஆம் நூற்றாண்டுப் பட்டின் அகலம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர்தான் என்பதால் அசல் பாவாடையில் இணைப்புகள் அதிகம். ஒவ்வொரு பலகையின் நடுவிலும் மெல்லிய மடிப்பு ஒன்றைப் பொய்த்தையலாகப் போட்டால் அந்தத் தோற்றம் வந்துவிடும்.

உள்துணிக்குப் பாலியஸ்டர் லைனிங் வேண்டாம், வியர்வையை அடைத்துவிடும். இறுக்கமாக நெய்த லினனோ பருத்தியோ மேலுடையின் வடிவத்தைத் தாங்கும். எல்லாத் துணியையும் ஒரே சாயத்தொகுதியிலிருந்து வாங்குங்கள். பருத்தி உடையென்றால் மிச்சத்தில் அரை மீட்டரை எடுத்துவைத்து, உடையைத் துவைக்கும்போதெல்லாம் அதையும் துவையுங்கள். பின்னாளில் ஒட்டுப்போட நேர்ந்தால் நிறம் ஒத்துப்போகும்.