ராத்திரி சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்துப் பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் முன்பெல்லாம் ராத்திரி சாப்பாடு பத்து மணிக்குத்தான், அதுவும் பாதி நாள் பரோட்டா. இப்போது ஏழரைக்குள் சாப்பிட்டு முடித்துவிட்டு மறுநாள் காலை ஏழரை வரை தண்ணீர் மட்டும்தான், பாதிக்கு மேல் தூக்கத்திலேயே போய்விடுவதால் பசி பெரிதாகத் தெரிவதில்லை.

உடம்பு நன்றாக இருக்க நேரம் மட்டும் போதாது, அளவும் குறைய வேண்டும். 1935இல் மெக்கே என்ற விஞ்ஞானி, சத்து குறையாமல் கலோரியை மட்டும் குறைத்து எலிகளை வளர்த்தபோது அவை அதிக நாள் வாழ்ந்தன. மனிதர்களுக்கு ஆயுள் கூடும் என்று இன்னும் நிரூபணம் இல்லை. ஆனால் அமெரிக்காவில் நடந்த காலரி (CALERIE) என்ற ஆய்வில், இரண்டு வருடம் சுமார் 12 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் இறங்கின. அதாவது நான்கு இட்லி சாப்பிடுகிற இடத்தில் அரை இட்லி குறைவு, அவ்வளவுதான்! அதே ஆய்வில் அவர்களுக்கு எலும்பின் அடர்த்தியும் கொஞ்சம் குறைந்தது என்பதால் முட்டை, பருப்பு, மீனைக் குறைக்காதீர்கள், நடையையும் விடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கவே கூடாது. என் சித்தி ஒரு பிரதோஷத்தன்று வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய், ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கி, வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். அப்படி ஆனால் விரதத்தைப் பார்க்காமல் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள்.