கொசுறு கறிவேப்பிலையில் இருந்து தொடங்குங்கள்: பூச்சிமருந்து குறைவான காய்கறி வாங்குவது எப்படி?

அரைக் கிலோ தக்காளியும் கால் கிலோ வெண்டையும் வாங்கினால், ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறாகப் பையில் விழும். காசு கொடுக்காததால் அதைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டோம். ஆனால் பையில் இருப்பதிலேயே அதிகக் கவனம் தேவைப்படுவது அந்தக் கொத்துக்குத்தான். அதற்குத் தோல் கிடையாது, சீவ முடியாது. மருந்து விழும் இலையைத்தான் அப்படியே தாளிக்கிறோம். இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிமருந்து எச்சத்துக்காகப் பல ஆண்டுகள் எல்லையிலேயே கூடுதலாகச் சோதித்திருக்கிறது.

பயந்து காய்கறியைக் குறைக்கச் சொல்லவில்லை. குழந்தைகளின் தட்டில் காய் நிறைய இருக்க வேண்டும், அதில் மருந்து குறைவாக இருக்க வேண்டும். அதற்கு நான் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்தக் காய் எப்படிப் பறிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கழுவுவதைவிட இதுதான் முக்கியம் என்பது என் கருத்து. மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று காத்திருப்புக் காலம் ஒன்று உண்டு. நெல்லுக்கு அது சுலபம், ஒரே அறுவடை. வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும், இல்லாவிட்டால் முற்றிவிடும். செடியில் பூ, பிஞ்சு, பறிக்கும் பதத்தில் காய் எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். எந்த நாளில் மருந்து அடித்தாலும், இரண்டு நாளில் பறிக்கப் போகும் காய் மீதும் அது விழும். கத்தரி, பாகல், பச்சை மிளகாய்க்கும் ஏறக்குறைய இதே கதைதான். காலிஃபிளவரில் புழுத் தொல்லை அதிகம். அடித்த மருந்து பூவின் இடுக்குகளில் தங்கிவிடும்.

சேனை, சேப்பங்கிழங்கு, பூசணி, வாழைத்தண்டு, வாழைப்பூ, தேங்காய் இவற்றில் நாம் சாப்பிடும் பகுதி மண்ணுக்குள்ளோ, தடித்த தோலுக்குள்ளோ, மடல்களுக்குள்ளோ இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் இவற்றை வைத்துச் சமைத்தாலே பாதி வேலை முடிந்தது. மீதி நாட்களில் ஒரே காயைத் திரும்பத் திரும்ப வாங்காமல் மாற்றிக்கொண்டே இருங்கள்.

2. விளைவித்தவரிடமே கேளுங்கள்

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையின் பெரிய வசதி விலை மட்டுமல்ல. அங்கே காயை விளைவித்தவர்களே விற்கிறார்கள், அதனால் கேட்க முடிகிறது. “அக்கா, மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சு?” என்று நேராகக் கேளுங்கள். “மருந்து போடுவீங்களா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். நாள் கணக்குக் கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். கத்தரிக்காய் விற்கும் ஒரு அக்கா என்னிடம், “இன்னைக்கு இது வேண்டாம், புதன்கிழமை வாங்க, வேற பாத்தி பறிப்போம்” என்றார். அன்றிலிருந்து கத்தரிக்காய் அவரிடம் மட்டும்தான்.

3. புழு ஓட்டையை நம்பாதீர்கள்

புழு இருந்தால் மருந்து அடிக்காத காய் என்று சொல்வார்கள். கத்தரியில் காய்ப்புழு உள்ளே புகுந்துவிட்டால் மேலே எத்தனை முறை அடித்தாலும் சாகாது. அதனால்தான் விவசாயி திரும்பத் திரும்ப அடிக்க நேர்கிறது. ஓட்டை இருக்கும் காயிலும் மருந்து இருக்கலாம்.

திராட்சை மீது படிந்திருக்கும் மெல்லிய வெள்ளைப் பொடியைக் கண்டும் மருந்து என்று பதற வேண்டாம். அது பழமே உண்டாக்கும் மெழுகு. காம்புப் பக்கம் நீலப்பச்சையாகக் காய்ந்த சொட்டுத் தடம் இருந்தால் அது பூஞ்சைக்கு அடிக்கும் தாமிர மருந்தாக இருக்கலாம், அந்தக் கொத்தை விட்டுவிடுங்கள்.

4. ‘ஆர்கானிக்’ என்றால் முத்திரையைப் பாருங்கள்

கடைப் பலகையில் எழுதியிருந்தால் போதாது. பொட்டலத்தில் இயற்கை விளைபொருளுக்கான அரசு முத்திரையான ‘ஜைவிக் பாரத்’ இருக்கிறதா என்று பாருங்கள். பிஜிஎஸ் என்பது விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் சரிபார்த்துத் தரும் சான்று. அதில் ‘பிஜிஎஸ் கிரீன்’ என்று இருந்தால் அந்த நிலம் இயற்கை விவசாயத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது, இன்னும் முழுதாக மாறவில்லை என்று பொருள்.

5. வீட்டுக்கு வந்ததும்

சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் வேண்டவே வேண்டாம். காயும் பழமும் அதை உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலான காய்களுக்கு, ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினாலே மேலே ஒட்டியிருப்பதில் கணிசமான பகுதி போய்விடும். முட்டைக்கோஸில் வெளி இலை மூன்றை எடுத்துவிடுங்கள். காலிஃபிளவரைப் பூப்பூவாகப் பிரித்த பிறகே கழுவுங்கள்.

ஆப்பிள் போன்ற பழங்களுக்கு ஆப்ப சோடா நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு தலைதட்டி இரண்டு டீஸ்பூன், கால் மணி நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். 2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு மருந்துகளை ஆப்பிள் மீது தடவிச் சோதித்தார்கள். சோடாக் கரைசல் 12 முதல் 15 நிமிடத்தில் மேற்பரப்பில் இருந்ததை எல்லாம் நீக்கியது. ஆனால் ஒரு மருந்தில் 20 சதவீதம் கழுவுவதற்கு முன்பே தோலைத் தாண்டி உள்ளே போயிருந்தது.

செடியே உறிஞ்சிக்கொள்ளும் மருந்துகளும் உண்டு. இமிடாகுளோபிரிட் அப்படிப்பட்டது. காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை செய்யப்பட்ட மோனோகுரோட்டோபாஸும் அப்படித்தான். இவை காயின் சதைக்குள் இருந்தால் எந்தத் தண்ணீரும் எடுக்காது. முதல் இரண்டு படிகளை இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் புளித்தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு, அப்புறம் இரண்டு மூன்று முறை அலசுங்கள். நன்றாக ஈரம் போக உலர்த்தி, துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

6. ஒரு தொட்டி

வெயில் படும் இடம் கொஞ்சம் இருந்தால் ஒரு கறிவேப்பிலைக் கன்று வையுங்கள். முதல் வருடம் இலைக்கு அவசரப்பட வேண்டாம். நுனியை மட்டும் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும். கொழுந்தில் பூச்சி ஒட்டினால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும். பறவை எச்சம் போல இலையில் உட்கார்ந்திருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு. அதைக் கையால் எடுத்துவிடலாம்.