சின்ன நாடகத்துக்கு ஒலி அமைப்பது எப்படி? மழையை நிறுத்தத் தெரியாதவனின் குறிப்புகள்

முதல் நாடகத்துக்கு ஒலி அமைக்க என்னைக் கூப்பிட்டபோது எனக்கிருந்த ஒரே தகுதி, குழுவில் வேறு யாரிடமும் நல்ல ஹெட்ஃபோன் இல்லை என்பதுதான். எழுபது பேர் உட்காரும் மாடி அரங்கம், ஒரு மணி நேர நாடகம், ஒரே வீடு, ஒரு மழை இரவு. நான் 34 ஒலிகளைச் சேர்த்துக்கொண்டு போனேன். மேடையேறியது 11. முதல்முறை இந்த வேலைக்கு உட்காருபவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே, தப்புகளோடு சேர்த்து எழுதுகிறேன்.

படி 1: லேப்டாப்பைத் திறக்காமல் பிரதியைப் படியுங்கள்

மூன்று தடவை படியுங்கள். முதல் தடவை கதைக்காக. இரண்டாவது தடவை பென்சிலோடு, வசனமே கேட்டு வாங்கும் ஒலிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். "யாரோ கதவைத் தட்டுறாங்க" என்று வசனம் வந்தால் தட்டும் சத்தம் வேண்டும். அதையும் ஒரு நடிகர் சைட் விங்கில், அதாவது பார்வையாளருக்குத் தெரியாத மேடை ஓரத்தில் நின்று மரச்சட்டத்தில் தட்டிவிட்டால் உங்களுக்கு வேலை மிச்சம், கேட்கவும் அதுதான் நன்றாக இருக்கும். மூன்றாவது தடவை சூழலுக்காக: மழை, தெரு, பக்கத்து வீட்டு டிவி.

இசையைக் கடைசியில் யோசியுங்கள். கதாநாயகி அழும் இடத்தில் நான் வயலின் வைத்திருந்தேன். ஒத்திகையில் அந்த நடிகை ரொம்பப் பணிவாக, "அண்ணா, நான் அழுறது போதலையா?" என்று கேட்டார். வயலின் அன்றைக்கே போய்விட்டது. கூடவே இன்னும் பன்னிரண்டு.

படி 2: ஒலிகளைச் சேர்ப்பது

ஃப்ரீசவுண்ட் என்ற இணையதளத்தில் ஒலிப்பதிவுகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் வேறு. சிலவற்றை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், சிலவற்றுக்குப் பதிவு செய்தவர் பெயரைப் போட வேண்டும், சிலவற்றை வணிக நோக்கத்தில் பயன்படுத்தக் கூடாது. டிக்கெட் விற்கும் நாடகமென்றால் இந்த மூன்றாவது வகையைத் தொடாதீர்கள். சினிமாப் பாட்டுக்குத் தனியாக உரிமம் வாங்க வேண்டும், அதைத் தயாரிப்பாளரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சிக்கல், அங்கே கிடைக்கும் 'கிராமத்துக் காலை'யில் ஐரோப்பியப் பறவைகள்தான் அதிகம் பாடும். தஞ்சாவூர்ப் பக்கத்து வீட்டு வாசலில் அவை பாடினால், பறவை பெயர் தெரியாதவருக்குக்கூட ஏதோ இடிக்கும். நமக்குக் காகமும் செம்போத்தும் வேண்டும். மழையும் அப்படித்தான். இலைமேல் பெய்கிற மழை வேறு, தகரக் கூரைமேல் பெய்கிற மழை வேறு. எங்கள் நாடகத்து வீட்டுக்குத் தகரக் கூரை. கடைசியில் ஒரு பழைய தகரத் தட்டில் அரிசியை மெதுவாகக் கொட்டி, அதைப் போனிலேயே பதிவு செய்து, சாதாரண மழையோடு கலந்தேன். ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள், நான் இரண்டாம் தடவைதான் நிறுத்தினேன்.

படி 3: வெட்டுவது

ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருள் இலவசம், இந்த வேலைக்கு அது போதும். கோப்பின் ஆரம்பத்தில் இருக்கும் வெற்று இடத்தை ஒட்ட வெட்டுங்கள். பட்டனை அழுத்தியதும் ஒலி வர வேண்டும், அரை விநாடி தாமதமானாலும் கதவு சாத்திய பிறகு சத்தம் வரும். வாலை, அதாவது ஒலி கடைசியில் மெல்ல அடங்கும் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

சேமிக்கும்போது வேவ் வடிவத்தில் சேமியுங்கள். எம்பி3 ஆக்கினால் முன்னாலும் பின்னாலும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். சுழற்சியாக ஓடும் மழையில் அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விக்கலாகக் கேட்கும். சுழற்சி இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அதில் தனித்துத் தெரியும் எதுவும் வேண்டாம். இருபது விநாடிக்கு ஒருமுறை அதே நாய் அதே மாதிரி குரைத்தால் பார்வையாளர்கள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

படி 4: க்யூ தாள்

எந்த ஒலி எப்போது வர வேண்டும் என்ற குறிப்புதான் க்யூ, அவற்றின் பட்டியல்தான் இந்தத் தாள். ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் எண். 10, 20, 30 என்று இடைவெளி விட்டுக் கொடுங்கள், இயக்குநர் கடைசி நாளில் நடுவில் ஒன்றைச் செருகுவார். அப்புறம் மூன்று கட்டங்கள்: எந்த வசனத்தில் அல்லது அசைவில் தொடங்குகிறது, என்ன ஒலி, எப்படி முடிகிறது.

அந்த மூன்றாவது கட்டத்தைத்தான் நான் காலியாக விட்டிருந்தேன். நாடகத்தை முழுதாக ஓட்டிப் பார்த்த முதல் ஒத்திகையில் முதல் காட்சி முடிந்ததும் மழையைச் சட்டென்று நிறுத்தினேன். அதுவரை மழையைக் கவனிக்காத எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். தொடங்கியது யாருக்கும் தெரியவில்லை, நின்றது எல்லோருக்கும் தெரிந்தது. இப்போது என் தாளில் இப்படி இருக்கும்: "க்யூ 40. அப்பா ஜன்னலைச் சாத்துகிறார். மழை பாதியாகக் குறையும், 2 விநாடி. பிறகு வசனத்துக்கு அடியில் 40 விநாடியில் மெல்லக் கரையும்." ஜன்னல் சாத்துவது ஒரு சாக்கு. மேடையில் அப்படி ஒரு சாக்கு கிடைக்காவிட்டால் இயக்குநரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஒலிகளை வரிசையாக ஓட்டும் மென்பொருளுக்கு, மேக் இருந்தால் கியூலேப், அதன் இலவசப் பதிப்பே இரண்டு ஸ்பீக்கருக்குப் போதும். விண்டோஸில் மல்டிபிளே இருக்கிறது, லினக்ஸ்காரர்களுக்கு லினக்ஸ் ஷோ பிளேயர்.

படி 5: ஸ்பீக்கரும் வயரும்

முன்னால் இடமும் வலமும் இரண்டு ஸ்பீக்கர் எப்போதும் இருக்கும். சூழலுக்கும் இசைக்கும் அவை சரி. மேடையில் இருக்கும் பொருள் எழுப்பும் ஒலி அந்தப் பொருளிலிருந்தே வர வேண்டும். மேஜைமேல் இருக்கும் போன் வலது ஸ்பீக்கரில் அடித்தால் எழுபது தலையும் வலது பக்கம் திரும்பும். மேஜைக்கு அடியில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை ஒளித்து வையுங்கள், வயர் போட்டு. புளூடூத் வேண்டாம். அதில் தாமதம் உண்டு, போதாக்குறைக்கு அது எப்போது அறுந்துபோகும் என்று அதற்கே தெரியாது.

ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சுற்றுதான் பிரச்சினை, அதாவது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகள் சேர்ந்து ஒரு சுற்றாகிவிட்டன. லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் அந்தச் சுற்றை அறுக்கும் சின்னப் பெட்டியான, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் தீரும். பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் போகும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். இரைச்சல் போகும்தான். கூடவே ஆளும் போகலாம்.

படி 6: ஒலி அளவு வைப்பது

நடிகர் பேசாமல் அளவு வைக்காதீர்கள். நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, நடிகரை நிஜமாகவே வசனம் பேசச் சொல்லி, ஏசியையும் ஓடவிட்டு வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். சுவர் உள்ள அறையில் அவ்வளவு குறையாது, இருந்தாலும் ஸ்பீக்கர் பக்கத்து முதல் வரிசைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். வசனத்துக்கு அடியில் ஓடும் இசையில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களின் அளவைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. இசை அப்படியே இருக்கும், பேச்சு மேலே வந்துவிடும். அரங்கம் நிரம்பினால் உடம்புகளும் உடைகளும் ஒலியை உறிஞ்சும், காட்சியன்று ஒரு துளி ஏற்ற வேண்டியிருக்கும்.

படி 7: காட்சியன்று

வைஃபை, அறிவிப்புகள், ஸ்கிரீன்சேவர், தானியங்கி அப்டேட் எல்லாவற்றையும் அணையுங்கள். அதே கோப்புகள் இன்னொரு கருவியிலும் தயாராக இருக்கட்டும். பதற்றத்தில், ஒலியைத் தொடங்கும் ஸ்பேஸ் பாரை இரண்டு தடவை தட்டிவிடுவீர்கள். கியூலேப்பில் இரண்டு தட்டலுக்கு இடையில் குறைந்தபட்ச நேரம் வைக்கும் வசதி இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய குழுக்களில் மேடை மேலாளர் "ஸ்டாண்ட்பை" (தயாராக இரு), "கோ" (இப்போது போடு) சொல்வார். சின்னக் குழுவில் யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் பார்க்க வேண்டும். தெருக்கூத்தில் மிருதங்கக்காரர் ஆட்டக்காரரின் காலைப் பார்த்துக்கொண்டே வாசிப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவருக்குத் தாள் இல்லை. நடிகர் கை ஜன்னலுக்குப் போகும்போதே உங்கள் விரல் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஒரு க்யூ தவறிவிட்டால் தாமதமாகப் போடாதீர்கள், விட்டுவிடுங்கள். நடிகர் எப்படியாவது சமாளிப்பார், நாடகம் முடிந்ததும் டீ வாங்கிக் கொடுத்துவிடலாம்.

எங்கள் கடைசிக் காட்சியில் விளக்கு அணைந்த பிறகும் தகரக் கூரை மழையை எட்டு விநாடி இருட்டில் ஓடவிட்டேன், அப்புறம்தான் மெல்ல இறக்கினேன். முதல் நாள் ஆறாவது விநாடியிலேயே யாரோ கை தட்டிவிட்டார்கள். இரண்டாம் நாள் மழை முழுதாக நிற்கும்வரை ஒருவரும் தட்டவில்லை.