குழுவாகவா, தனியாகவா: பள்ளிச் செயல்திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசிரியர் ஒரு செயல்திட்டத்தை அறிவித்தவுடன் வகுப்பில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் "யார் யாருடன் சேர்வது?" என்பதாகவே இருக்கிறது. என்ன வேலை, அதற்கு எத்தனை பேர் தேவை, எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் பேச்சுக்கு வருகின்றன. சில குழுக்களில் கடைசிவரை வருவதே இல்லை. குழுவில் சேர்ந்தவர்கள் பின்னர் சொல்லும் குறைகளையும் தனியாகச் செய்தவர்கள் படும் அல்லலையும் கூர்ந்து பார்த்தால், செயல்திட்டம் முழுவதையும் தன் பொறுப்பாகக் கருதும் ஒருவரும், அதை வெளியிலிருந்து பார்த்துக் கேள்வி கேட்கும் இன்னொருவரும் அந்த வேலைக்குச் சேர்ந்தாற்போல் அமையவில்லை என்பது தெரியவரும். குழுவுக்கு முதலாமவர் இல்லாமல் போகிறார். தனியாகச் செய்பவருக்கு இரண்டாமவர் இல்லாமல் போகிறார். கீழே சொல்லப்படும் தவறுகளில் பலவும் இந்த இரண்டு குறைகளிலிருந்து பிறப்பவையே.

வேலையைப் பார்க்காமல் ஆளைப் பார்ப்பது

குழுக்கள் செயல்படும் விதத்தை ஆராய்ந்த உளவியலாளர் ஐவன் ஸ்டைனர் 1972இல் வேலைகளை அவற்றின் தன்மையைக் கொண்டு வகைப்படுத்தினார். ஒவ்வொருவர் செய்வதும் மொத்தத்தோடு கூடிக்கொண்டே போகும் வேலைகள் ஒரு வகை: 60 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் திரட்ட வேண்டுமானால், நான்கு மாணவர்கள் ஆளுக்கு 15 பேரைப் பார்த்தால் போதும். யாராவது ஒருவருக்கு விடை பிடிபட்டால் அனைவருக்கும் அது போதும் என்ற வகை இன்னொன்று. கடினமான கணக்கொன்றைத் தீர்ப்பது இப்படிப்பட்டது. அனைவரும் சரியாகச் செய்தால் மட்டுமே நிறைவேறும் வேலைகளில் குழுவின் தரத்தை அதில் மிகவும் பின்தங்கியிருப்பவரே தீர்மானிக்கிறார். ஆசிரியர் குழுவில் யாரை வேண்டுமானாலும் எழுப்பிக் கேள்வி கேட்கும் வாய்மொழித் தேர்வு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எல்லா வேலைக்கும் குழுவே நல்லது என்றோ, எல்லா வேலைக்கும் தனிமையே நல்லது என்றோ முடிவெடுப்பது முதல் தவறு. ஒருவர் நிறுத்துக் கடிகாரத்தைப் பார்க்க, ஒருவர் வெப்பமானியைப் படிக்க, மற்றொருவர் குறித்துக்கொள்ள வேண்டிய சோதனையைத் தனியாகச் செய்பவர் அளவீட்டில் தடுமாறுவார். மாறாக, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே வாதத்தைக் கொண்டுசெல்ல வேண்டிய கட்டுரையை ஐந்து பேர் ஆளுக்கொரு பத்தியாக எழுதினால் வாதம் பத்திக்குப் பத்தி முறிந்துபோகும். ஆசிரியரே குழு அமைத்துக் கொடுத்துவிட்ட இடத்திலும் இந்தச் சிந்தனை வீணாவதில்லை, ஏனெனில் ஒரே செயல்திட்டத்துக்குள் தகவல் திரட்டுவதைச் சேர்ந்தும், எழுதுவதைத் தனியாகவும், திருத்துவதை மீண்டும் சேர்ந்தும் செய்ய இடமிருக்கிறது.

குழுவின் அளவையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மூவர் இருக்கும் குழுவில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டிய இணைகள் மூன்று, நால்வரானால் ஆறு, அறுவரானால் பதினைந்து. ஆள் கூடக் கூட வேலை குறையும் என்று நினைத்து நண்பர்கள் அனைவரையும் சேர்த்துக்கொள்பவர்கள், யார் எதைச் சொன்னார்கள், யாருக்கு எது தெரியாது என்பதைச் சரிசெய்வதிலேயே பாதி நேரத்தைச் செலவிடுகிறார்கள்.

பங்கு பிரித்ததையே குழுப்பணி என்று கொள்வது

குழுவாகச் செய்யப்படும் செயல்திட்டங்களை மிக அதிகமாகக் கெடுப்பது இந்தத் தவறுதான் என்பது என் உறுதியான கருத்து. "முன்னுரை உனக்கு, சோதனை எனக்கு, வரைபடம் அவனுக்கு, முடிவுரை அவளுக்கு" என்று ஐந்து நிமிடத்தில் பிரித்துக்கொண்டு கலைந்துபோகிறவர்கள், சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவில் துண்டுகளை ஒட்டிச் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்க்கப்பட்ட அறிக்கை எப்படி இருக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்க்கலாம்.

மண் வகைகள் நீரை எவ்வளவு தேக்கி வைக்கின்றன என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். முன்னுரை மணல், களிமண், வண்டல் என்ற மூன்று வகைகளை அறிமுகம் செய்கிறது. சோதனைப் பகுதியிலோ செம்மண்ணும் சேர்ந்து நான்கு வகைகள் இருக்கின்றன. அட்டவணையில் வடிந்த நீர் மில்லிலிட்டரில் தரப்பட்டுள்ளது. அடுத்த பக்கத்து வரைபடமோ தேங்கிய நீரைச் சதவீதத்தில் காட்டுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வந்தது என்று எங்கும் எழுதப்படவில்லை. முடிவுரையை எழுதியவர் அட்டவணையைப் பார்க்காமல் பாடநூலைப் பார்த்து எழுதியிருப்பதால், களிமண்தான் மிக அதிகமாக நீரைத் தேக்கியது என்கிறது. அவர்களுடைய சோதனையிலோ வண்டலே முன்னால் நிற்கிறது. உண்மையில் அந்த அறிக்கையின் மிகச் சுவையான செய்தியே அந்த முரண்பாடுதான். களிமண் கட்டியாக இருந்ததா, நீர் அதனுள் இறங்காமல் ஓரமாக வழிந்துவிட்டதா, அல்லது அளவெடுத்ததில் பிழையா என்று கேட்டிருந்தால் அதிலிருந்து ஒரு நல்ல விவாதம் பிறந்திருக்கும். நால்வரில் ஒருவர்கூட முழு அறிக்கையை ஒரே மூச்சில் படிக்காததால் அந்தக் கேள்வி எழவே இல்லை. பிறகு ஆசிரியர், "நீரை ஊற்றிய பின் ஏன் 30 நிமிடம் காத்திருந்தீர்கள்?" என்று கேட்கும்போது, மூன்று பேர் சோதனை செய்தவரின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

பங்கு பிரிப்பதே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தன் மாணவர்களுடன் உருவாக்கிய கற்பித்தல் முறையிலும் பாடம் துண்டு துண்டாகத்தான் பிரிக்கப்பட்டது. ஆனால் அதில் ஒவ்வொரு மாணவரும் தமக்கு வந்த துண்டைக் கற்றபின் குழுவிலுள்ள மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இறுதியில் தேர்வு முழுப் பாடத்திலும், தனித்தனியாகவும் நடக்கும். பிரித்ததை மீண்டும் ஒருவருக்கொருவர் விளக்கிச் சேர்க்கும் அந்தப் படியைத்தான் நம் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். சமர்ப்பிப்பதற்கு மூன்று நாட்களுக்கு முன்பாவது ஒருமுறை அனைவரும் உட்கார்ந்து, தம் பகுதியை மற்றவர்களுக்கு விளக்கி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பார்ப்பது நல்லது. தொடக்கத்திலேயே ஒருவரைத் தொகுப்பாளராக நியமித்து, அலகுகள், தலைப்புகள், எழுத்து நடை ஆகியவற்றை ஒரே சீராக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். "இறுதி", "இறுதி-2", "புதிய இறுதி" என்று நான்கு கோப்புகள் நால்வரிடமும் உலவாமல், அனைவரும் திறக்கக்கூடிய ஒரே கோப்பில் எழுதுவது இந்த வேலையை எளிதாக்கும்.

யாருடைய வேலை என்று சொல்லாமல் விடுவது

பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கல்மன், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனிதர்களைக் கயிறு இழுக்க வைத்துச் சோதித்து, முடிவுகளை 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒருவருக்கான இழுவிசை அவர் தனியாக இழுக்கும்போது இருந்ததில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அனைவரும் ஒரே கணத்தில் இழுக்க முடியாதது அதற்கு ஒரு காரணம். ஆனால் 1974இல் ஆலன் இங்கமும் அவருடைய சகாக்களும், கண்ணைக் கட்டிய ஒருவரிடம் பின்னால் வேறு சிலரும் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்து அவரை மட்டும் தனியே இழுக்கவிட்டபோதும் விசை குறைந்தது. கைதட்டுவதிலும் கூச்சலிடுவதிலும் இதே போக்கை 1979இல் கண்ட பிப் லட்டானேவின் ஆய்வுக் குழு, பின்னர் ஒவ்வொருவரின் பங்கும் தனியாக அளக்கப்படுவது அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தத் தளர்ச்சி மறைந்துவிடுவதையும் காட்டியது.

பள்ளிக் குழுக்களுக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. "அவன் சோம்பேறி" என்று ஒருவரைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன், அவருடைய பங்கு என்னவென்று எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் "யாராவது படங்களைத் தேடி வையுங்கள்" என்று இட்ட செய்திக்கு ஐந்து கட்டைவிரல் குறிகள் விழும். படங்கள் வந்து சேராது. இன்னார், இன்ன படங்களை, இந்த நாளுக்குள் என்று மூன்றையும் சேர்த்து எழுதினால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

இதற்கு மறுபக்கமாக, நன்றாகப் படிக்கும் மாணவர்கள் செய்யும் தவறொன்று உண்டு. மற்றவர்கள் எழுதியது தரமாக இல்லை என்று கருதி, யாரிடமும் சொல்லாமல் இரவோடு இரவாக அனைத்தையும் தாமே மாற்றி எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் கிடைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் தான் எழுதியதில் என்ன குறை என்பதை அறியும் வாய்ப்பு அந்தச் சக மாணவரிடமிருந்து பறிக்கப்படுகிறது. அடுத்த முறை அவர் முயல்வதற்கே காரணம் இல்லாமல் போகிறது. குறையைக் குறித்து, "இந்த அட்டவணைக்கு அலகு போடவில்லை, சரிசெய்து அனுப்பு" என்று திருப்பிக் கொடுப்பது கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத் திட்டத்தில் முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதுதான் முறை.

யோசனைகளை எடுத்த எடுப்பிலேயே கூடிப் பேசுவது

தலைப்பு தேர்ந்தெடுக்க அனைவரும் உட்கார்ந்து பேசினால் நிறைய யோசனைகள் வரும் என்று நம்புகிறோம். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது: நால்வர் கூடிப் பேசித் தந்த யோசனைகளைவிட, நால்வர் தனித்தனியே எழுதியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்தவை அதிகமாக இருந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தம் யோசனையை அடக்கிவைத்துக் காத்திருக்க வேண்டியிருப்பதும், அதற்குள் அது நழுவிவிடுவதும் முக்கியக் காரணங்கள் என்று பின்வந்த ஆய்வுகள் கண்டன. எனவே முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் ஆளுக்கொரு தாளில் எழுதிவிட்டுப் பிறகு பேசத் தொடங்குவது நல்லது. கூச்ச சுபாவம் உள்ள மாணவரின் யோசனையும் அப்போதுதான் மேசைக்கு வரும்.

தனியாகச் செய்பவர்களின் தவறுகள்

தனியாகச் செய்வதைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் குழுவில் ஒருமுறை அலுத்துப்போனவர்கள். அந்த அலுப்பு நியாயமானதாக இருக்கலாம். ஆனாலும் குழுவுக்கு ஏற்ற அளவுள்ள தலைப்பைத் தனியொருவராகத் தோளில் ஏற்றிக்கொள்வது அதற்குத் தீர்வாகாது. நீர் மாசுபாடு என்ற பரந்த தலைப்பைத் தவிர்த்து, ஒரே ஒரு நீர்நிலையின் கலங்கல்தன்மை ஒரு வாரத்தில் எப்படி மாறுகிறது என்று சுருக்கிக்கொண்டால் ஒருவரால் முடிக்க முடியும்.

நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது அனைவருக்கும் பொதுவான தவறு என்றாலும், நினைவூட்ட ஆளில்லாததால் தனியாகச் செய்பவரை அது கூடுதலாகப் பாதிக்கிறது. உளவியலாளர் ராஜர் பியூலரும் வேறு இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த 37 மாணவர்கள் சராசரியாக 34 நாட்களில் முடித்துவிடுவோம் என்று கணித்தார்கள். உண்மையில் 55 நாட்களுக்கு மேல் பிடித்தது. எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன சராசரிகூட 49 நாட்களைத் தாண்டவில்லை. கையிலிருக்கும் வேலையின் படிகளை மட்டும் மனத்தில் ஓட்டிப் பார்க்கிறோமே தவிர, சென்ற செயல்திட்டத்துக்கு எத்தனை நாள் பிடித்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. திட்டமிடும்போது பழைய கணக்கை எடுத்துவைத்துக்கொள்வதே இதற்கு மருந்து.

தனியாகச் செய்வது என்றால் யாரிடமும் காட்டக் கூடாது என்று நினைப்பதும் தவறு. எழுதியவருக்குத் தன் வரிகளில் விடுபட்டிருப்பது கண்ணில் படாது, ஏனெனில் அது அவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பாதி முடிந்த நிலையில் வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுத்து, எந்த இடத்தில் புரியவில்லை என்று மட்டும் குறிக்கச் சொன்னால் போதும். வேறொருவர் எழுதிக் கொடுப்பதும் படித்துக் கருத்துச் சொல்வதும் வெவ்வேறு. முன்னது விதிமீறல், பின்னதைப் பெரும்பாலான ஆசிரியர்கள் வரவேற்கவே செய்வார்கள். ஐயமிருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

சச்சரவைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடுவது

"நான்தான் அதிகம் செய்தேன்" என்று குழுவில் ஒவ்வொருவரும் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி ஆகியோர் 1979இல், வீட்டுப் பொறுப்புகளில் தம் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவியரைத் தனித்தனியே கேட்டபோது, இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் முழு அளவைத் தாண்டியது. தாம் செய்தது எளிதில் நினைவுக்கு வருகிறது. அடுத்தவர் செய்தது அப்படி வருவதில்லை. அதனால் யார் எந்த நாளில் எதை முடித்தார் என்பதை ஒரு பக்கத்தில் அவ்வப்போது குறித்து வருவது, பிறகு நினைவை நம்பிச் சண்டையிட வேண்டிய தேவையை இல்லாமல் செய்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் தம் பங்கைச் செய்யவில்லையென்றால், முதலில் அவரிடமே தனியாகப் பேச வேண்டும். வீட்டில் ஏதேனும் சிக்கல் இருக்கலாம், அல்லது வேலை எப்படித் தொடங்குவது என்றே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அது பயனளிக்காவிட்டால், பாதி நாட்கள் மீதமிருக்கும்போதே ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். "அவன் எதுவுமே செய்வதில்லை" என்று முறையிடுவதைக் காட்டிலும், "வரைபடப் பகுதி பத்தாம் தேதி வந்திருக்க வேண்டும், இன்னும் வரவில்லை, நாங்கள் இருமுறை கேட்டோம், என்ன செய்யலாம்?" என்று குறிப்பைக் காட்டிக் கேட்டால், ஆசிரியரால் பங்கை மாற்றியமைக்கவோ அந்த மாணவருக்கு உதவவோ முடியும். மதிப்பெண் போட்ட பிறகு வரும் முறையீட்டில் அவர் செய்யக்கூடியது மிகக் குறைவு.