மேசைக்கணினியில் வைஃபை கார்டு: வாங்குவதிலிருந்து ஆன்டெனா வைப்பது வரை

சென்னையின் பல வீடுகளில் ரூட்டர் கூடத்தில் டிவிக்குப் பக்கத்திலும், மேசைக்கணினி உள்ளறையிலும் இருக்கும். இடையில் லேன் கேபிள் இழுக்க வேண்டுமென்றால் சுவரில் துளையிட வேண்டும். வாடகை வீட்டில் அதற்கு வீட்டுக்காரரின் சம்மதம் எளிதில் கிடைப்பதில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகவும், இதுவரை கேபினட்டைத் திறந்தே பார்க்காதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கேபிள் இல்லாமல் ரூட்டருடன் இணைய உதவும் வைஃபை கார்டைக் கணினிக்குள் பொருத்துவது அரை மணி நேர வேலைதான். வாங்கும்போது பார்க்கத் தவறியதும், ஆன்டெனாவை இடம் பார்க்காமல் வைத்ததும்தான் பிறகு மாதக்கணக்கில் தொல்லை கொடுக்கும் என்பதால், அந்த இரண்டையும் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன்

கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து எல்லாப் பாகங்களும் இணையும் பெரிய சர்க்யூட் பலகையான மதர்போர்டைப் பாருங்கள். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள சிறிய ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால், அதுவே பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1. பெரும்பாலான வைஃபை கார்டுகள் இதற்காகவே செய்யப்படுகின்றன. அது இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், கிராபிக்ஸ் கார்டுக்கான நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டிலும் இந்தக் கார்டு வேலை செய்யும். மிகப் பழைய போர்டுகளில் உள்ள வெள்ளை நிற பிசிஐ ஸ்லாட் வேறு வகை. அதில் இது நுழையாது. தடிமனான கிராபிக்ஸ் கார்டு எக்ஸ்1 ஸ்லாட்டை மறைத்துக்கொண்டிருக்கிறதா என்பதையும், உங்கள் கேபினட் மெலிந்த வகையாக இருந்தால் பெட்டியில் அரை உயரத் தகடும் (சின்ன பிராக்கெட்) தரப்படுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, போர்டின் கீழ் ஓரத்தில் ஒன்பது ஊசிகள் இரண்டு வரிசையாக நிற்கும் இணைப்பைத் தேடுங்கள். அதற்கு அருகில் எஃப் யூஎஸ்பி அல்லது ஜே யூஎஸ்பி என்பது போன்ற எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். வைஃபையும் பிளூடூத்தும் சேர்ந்த கார்டுகளில், வைஃபை மட்டும்தான் ஸ்லாட் வழியாகப் பேசுகிறது. பிளூடூத் பகுதிக்கு யூஎஸ்பி இணைப்பு தேவை. அதனால்தான் பெட்டியில் ஒரு மெல்லிய கேபிள் கூடவே வருகிறது. முதன்முதலாக நான் கார்டு பொருத்தியபோது, அட்டைத் தட்டின் அடியில் கிடந்த அந்தக் கேபிளை உபரிப் பொருள் என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டேன். வைஃபை உடனே வந்தது, பிளூடூத் மட்டும் வரவில்லை. டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) அழித்து மறுபடி மறுபடி நிறுவியே இரண்டு மாலைகள் போயின. வாங்கிய கடையில் கேட்டபோது கார்டு பழுது என்றார்கள். பழுது எதுவும் இல்லை, அந்த ஒரு கேபிள்தான் காரணம்.

இப்போது எந்தக் கார்டு என்ற கேள்வி. உங்கள் ரூட்டர் வைஃபை 5 தலைமுறை என்றால், இரண்டு ஆன்டெனாக் கார்டில் கிடைக்கும் அதிகபட்ச இணைப்பு வேகம் வழக்கமாக 867 எம்பிபிஎஸ். வைஃபை 6 என்றால் அதே அகல அலைவரிசையில் 1201 எம்பிபிஎஸ். இவை காகிதக் கணக்குகள், கையில் கிடைப்பது இதைவிடக் குறைவாகவே இருக்கும். வைஃபை 6 கார்டு பழைய ரூட்டருடனும் இணையும் என்பதால், விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் அதையே வாங்குங்கள். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவானவை. ஆனால் எண் அளவில் அவற்றை ஒத்திருக்கும் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகிய சிறிய வைஃபை சில்லுத் தகடுகள், அதற்கென வசதி செய்யப்பட்ட இன்டெல் போர்டுகளில் மட்டுமே இயங்கும். ஏஎம்டி கணினியில் இயங்காது. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் இந்தச் சில்லுத் தகடுகள் தனியாகவும் கிடைப்பதால், விலை குறைவு என்று பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். "அண்ணா, பிளூடூத் கேபிள், ரெண்டு ஆன்டெனா, சின்ன பிராக்கெட் எல்லாம் பெட்டியில இருக்கா?" என்று கேட்டு, கடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பார்த்து வாங்குவது நல்லது. இந்த இன்டெல் கார்டுகளுக்கு விண்டோஸ் 7 ஆதரவு இல்லை. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஏஎக்ஸ்200க்கு 5.1, ஏஎக்ஸ்210க்கு 5.10 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தேவை.

பொருத்துதல்

கணினியை ஸ்லீப்பில் விடாமல் முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள். கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்சை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிய பிறகு, பவர் பட்டனை ஐந்து விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கியிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். யூபிஎஸ் இருக்கிறது என்றால் அதிலிருந்தும் கம்பியைக் கழற்றியாக வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் குறைவுதான் என்றாலும் ஏசி அறையில் அப்படிச் சொல்ல முடியாது. எனவே கார்டைத் தொடும் முன் கேபினட்டின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள்.

கேபினட்டை மேசையில் படுக்க வையுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடற்காற்று வீசும் பகுதிகளில் பல வருடங்களாகக் காலியாக இருந்த ஸ்லாட்டில் தூசி ஈரத்தோடு படிந்திருக்கும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும் என்பதால், புளோயரையோ உலர்ந்த மென்மையான பிரஷ்ஷையோ பயன்படுத்துங்கள். ஸ்லாட்டுக்கு நேரே பின்பக்கத்தில் உள்ள தகட்டின் திருகைத் திருப்புளியால் கழற்றி, தகட்டை எடுங்கள். கார்டை ஓரங்களில் பிடித்து, பொன்னிறப் பகுதியில் விரல் படாமல், நேராக நிறுத்தி, இரு முனைகளிலும் சமமாக அழுத்துங்கள். பொன்னிற ஓரம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உள்ளே போயிருந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று பொருள். பிறகு திருகை முடுக்குங்கள்.

பிளூடூத் கேபிளின் சிறு முனையைக் கார்டிலும், மறுமுனையை ஒன்பது ஊசி இணைப்பிலும் செருகுங்கள். ஊசிகளில் ஒரு மூலை காலியாகவும், கேபிளில் அதே மூலைத் துளை அடைக்கப்பட்டும் இருக்கும்; அவை இரண்டும் பொருந்தும் திசையில் மட்டும் செருக வேண்டும். பக்கத்தில் இருக்கும் பெரிய பத்தொன்பது ஊசி இணைப்பு யூஎஸ்பி 3.0க்கானது, அதில் திணிக்காதீர்கள். கேபினட்டை மூடி, ஆன்டெனாக்கள் இரண்டையும் விரலால் மட்டும் திருகுங்கள். ஒன்றை மட்டும் மாட்டினால் வேகம் கணிசமாகக் குறையும்.

டிரைவரைப் பொறுத்தவரை, விண்டோஸ் 10, 11 தானாகவே கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. கண்டுபிடிக்காவிட்டால், இணையம் வேண்டும் என்பதற்காகத்தானே இந்தக் கார்டு, டிரைவரை எப்படி இறக்குவது என்று திகைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால், கணினிக்கு உடனே இணையம் கிடைத்துவிடும். வைஃபைக்கும் பிளூடூத்துக்கும் தனித்தனி டிரைவர்கள் என்பதை மறக்காதீர்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கார்டே தென்படாவிட்டால், கணினியை மறுபடி அணைத்து, கார்டைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் மாற்றிப் பாருங்கள். சில போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே செருகும் சேமிப்பகம்) மாட்டியிருந்தால் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட் செயல்படாது, அது போர்டின் மேனுவலில் எழுதப்பட்டிருக்கும்.

ஆன்டெனாவின் இடம்

பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்துவதே இல்லை. மேசைக்கு அடியில், சுவரை ஒட்டி, இரும்புக் கேபினட்டின் முதுகுக்குப் பின்னால் ஆன்டெனாக்கள் ஒளிந்திருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டாக இருந்தாலும் சிக்னல் தடுமாறத்தான் செய்யும். வழியில் ஒரு இரும்பு பீரோ நின்றால் இன்னும் மோசம். முடிந்தால் நீண்ட கம்பியும் காந்த அடித்தளமும் கொண்ட ஆன்டெனா உள்ள கார்டையே வாங்கி, அதை மேசையின் மேல், ரூட்டர் இருக்கும் திசைக்குத் தடையில்லாத இடத்தில் வையுங்கள். ஆன்டெனாவின் நுனியை ரூட்டரை நோக்கிச் சாய்ப்பது தவறு. அலைகள் குச்சியின் பக்கவாட்டில்தான் வலுவாகப் பரவுகின்றன என்பதால், ரூட்டர் அதே தளத்தில் இருந்தால் செங்குத்தாக நிறுத்துங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில், ரூட்டர் பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அவற்றை எல்லா வீடுகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆகவே பல சுவர்கள் குறுக்கே இல்லாதவரை 5 கிகாஹெர்ட்ஸையே தேர்ந்தெடுங்கள். 2018இல் இந்தியாவில் இந்த அலைவரிசை உரிமமின்றிப் பயன்படுத்த மேலும் விரிவாக்கப்பட்டதால் அங்கே இடம் தாராளம். பிளூடூத் மவுஸ் தடுமாறுகிறது என்றால், அருகில் இயங்கும் யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கைத் தள்ளி வைத்துப் பாருங்கள். அந்த இணைப்பு, பிளூடூத்தும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலை உண்டாக்குகிறது என்பதை இன்டெல்லே 2012இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது.

வைஃபை இணைந்ததும் செட்டிங்ஸில் அந்த நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து இணைப்பு வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆன்டெனாவை ஒரு சாண் நகர்த்தி, மறுபடி பார்த்து, எண் எங்கே உயர்ந்து நிலைக்கிறதோ அங்கே விட்டுவிடுங்கள். பின்பக்கத்தில் கழற்றிய தகட்டைக் கார்டு பெட்டியில் போட்டு வையுங்கள். கார்டை என்றாவது எடுக்க நேர்ந்தால், அந்தத் திறப்பை மூடாமல் விட்ட கேபினட்டுக்குள் கரப்பான் குடியேற அதிக நாள் ஆகாது.